மிச்சம் வைத்த வெந்நீர்

நாயகியின் கேரவனில் இருந்த ஹீட்டர், தண்ணீர்க் குழாயை மூடி, ஜெனரேட்டர் வயரைப் பிடுங்கி, தொட்டியில் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் வடித்துவிட்ட மறுநாள் காலை, அடித்திருகின் வழியாக ஒழுகத் தொடங்கியது. ஒழுகிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியின் டிரைவர் மாசிலாமணி குளியலறைத் தரையில் முழங்காலிட்டு, வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, திருகின் நுனியில் ஒரு துளி திரள்வதையும், கனத்துத் தயங்கி விழுவதையும், வடிகாலுக்காகத் தரையில் போட்டிருந்த துளை வழியாக வெளியே புல்லில் போய்ச் சேர்வதையும் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துத் திருகை அரைச் சுற்று முறுக்கினார். துளி நிற்கவில்லை. வெளியே வந்து வண்டிக்கு அடியில் துளி விழும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அது மார்கழி மாதம். கொடைக்கானலுக்கும் மேலே, கேரட்டும் பூண்டும் விளையும் சரிவுகளுக்கு நடுவில் இருந்த ஓர் ஏரிக்கரையில் எண்பது பேர் கொண்ட சினிமாக் குழு பன்னிரண்டு நாட்களாகக் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடந்தது. லைட்மேன்கள் இரும்பு ஸ்டாண்டுகளைத் துணி சுற்றிக்கொண்டுதான் தொட்டார்கள். நாயகன் கீழே ஹோட்டலில் தங்கித் தினமும் காரில் வந்து போனார். மற்றபடி அந்தக் கரையில் திருகினால் வெந்நீர் வரும் இடம் நாயகியின் கேரவன் ஒன்றுதான். அதற்குள் நாயகியும் அவருடைய அம்மாவும் மேக்கப்காரரும் ஏறலாம்; மற்றவர்கள் அதன் படிக்கட்டில்கூட உட்காரக் கூடாது என்பது எங்கும் எழுதிவைக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கதையில் நாயகியின் பெயர் யாமினி. யாமினி மரப்பாலத்திலிருந்து ஏரியில் விழ வேண்டும். நாயகிக்குப் பதிலாக விழுவதற்குச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை ஸ்டண்ட் மாஸ்டர் அழைத்து வந்திருந்தார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். முதல் நாள் அவளை யாமினி டூப்பு என்றார்கள், இரண்டாம் நாளிலிருந்து வெறும் யாமினி என்றார்கள், அவளும் கூப்பிட்டால் திரும்பினாள். நாயகியின் முடியைப் போலவே செய்த விக்கை அவளுக்குப் பொருத்திய ஹேர்டிரெஸ்ஸர் சரளா மட்டும், "உன் சொந்தப் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அவள் சொன்னாள், ஆனால் பற்களுக்கு இடையில் ஆறு கொண்டையூசிகளைக் கடித்துக்கொண்டு சொன்னதால் சரளாவுக்கு விளங்கவில்லை. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அவள் நான்கு முறை விழுந்தாள். நான்காவது முறை கரையேறியபோது உதடு நாவல்பழத்தைத் தின்றவளைப் போலிருந்தது, தாடை நிற்காமல் ஆடியது. நாயகி சாப்பிடக் காரில் போயிருந்தார். மாசிலாமணி இப்படியும் அப்படியும் பார்த்தார், கேரவன் கதவைத் திறந்தார், "பத்து நிமிஷம், பாப்பா. சத்தம் போடாம குளிச்சிட்டு வந்துடு" என்றார். இருபத்தாறு வருடங்களில் அவர் மீறிய முதல் விதி அதுதான். பத்து நிமிடம் கழித்துத் தலையிலிருந்து ஆவி பறக்க அவள் இறங்கி வந்து, மறுபடியும் ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டே, "அண்ணே, எல்லாத்தையும் ஊத்திக்கல. கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன். அடுத்த டேக் முடிச்சிட்டு வந்து குளிச்சிக்கறேன், யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். ஐந்தாவது முறை விழுந்தவள் நான்கு நிமிடம் மேலே வரவில்லை.

அவளை ஜீப்பில் போட்டுக் கீழே சமவெளியிலிருந்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன உதவி மேனேஜர் தினகர், பெயர் என்ன என்று சீட்டு எழுதும் இடத்தில் கேட்டபோது, யாமினி என்று சொன்னான். அவனுக்குத் தெரிந்த பெயர் அதுதான். பொய் சொன்னதாக அவனுக்குத் தோன்றவில்லை. ஸ்டண்ட் மாஸ்டர் அன்று மாலையே வேறு படத்துக்காக வடக்கே எங்கோ போய்விட்டார், அவருடைய போன் கிடைக்கவில்லை. சாப்பிட்டுத் திரும்பிய நாயகி, ஒன்றும் தெரியாமல், தொட்டியில் இருந்த மிச்ச வெந்நீரில் முகம் கழுவிக்கொண்டார். குளிரில் தொட்டி வெடிக்காமலிருக்க மாசிலாமணி வழக்கம்போல அதை வடித்துவிட்டார். மறுநாள் காலை ஒழுகல் தொடங்கியது.

முதல் நாள் துளித்துளியாகத்தான் வந்தது. மதியத்துக்குள் வாளி நிறைந்தது. தொட்டி பதினைந்து லிட்டர், வாளி பதினெட்டு லிட்டர் என்பதை மாசிலாமணி ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். ஒரு லைட்மேன் போகிற போக்கில் வாளிக்குள் கையை விட்டான், விட்ட கையை எடுக்கவில்லை, இன்னொரு கையையும் விட்டான். சாயங்காலம் நான்கு பேர் அதில் முகச்சவரம் செய்துகொண்டார்கள். இரண்டாம் நாள் துளி நூலாயிற்று, வாளி இரண்டாயிற்று. தயாரிப்பு மேனேஜர் கோதண்டம் மப்ளரை அவிழ்க்காமல் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"எங்கிருந்து வருது மாசிலா?"

"தெரியல சார். உள்ள ஒண்ணுமில்ல."

"நிக்குமா?"

"தெரியல சார். டேப்பு சுத்திப் பாத்தேன், நிக்கல."

"சரி, நிக்கிற வரைக்கும் வெந்நிக்கு விறகு வேணாம்னு சமையல்ல சொல்லிடறேன்."

வண்டி நிற்கும் இடத்தில் பூமிக்கு அடியில் வெந்நீர் ஊற்று இருக்கலாம் என்று கேமரா உதவியாளர்கள் சொன்னதால் வண்டியை இருபதடி தள்ளி நிறுத்திப் பார்த்தார்கள். ஒழுகலும் இருபதடி தள்ளிப் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் காரணம் தேடவில்லை. ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைத்தான் பேசினார்கள். மூன்றாம் நாளிலிருந்து வரிசை உண்டாயிற்று, வரிசைக்கு ஒரு முறையும் தானாகவே உண்டாயிற்று: முதலில் கேமராக்காரர்கள், பிறகு காஸ்ட்யூம், பிறகு லைட், பிறகு கூட்டத்தில் நிற்க வந்தவர்கள், கடைசியில் டிரைவர்கள். ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆள் ஒருவன் துளைக்குப் பக்கத்தில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தான். அந்தத் தண்ணீரில் எண்ணெய் இல்லாமலே மேக்கப் கலைகிறது என்று மேக்கப்காரர் கண்டுபிடித்தார். கேரட் கழுவி விரல் விறைத்துப்போன பெண்கள் நான்கு பேர் சரிவிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். தண்ணீர் கேட்கவில்லை, கையை மட்டும் நனைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்தை முகத்தில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இவ்வளவுக்கும் எண்பது பேரில் ஒருவரும் கேரவனுக்குள் ஏறவில்லை. ஏறக் கூடாது என்ற விதி அப்படியே இருந்தது. வெளியே குனிந்து நின்று, வண்டியின் வயிற்றிலிருந்து வருவதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நாயகி ஒரு முறை திருகில் விரலை வைத்துப் பார்த்தார். உடனே எடுத்துக்கொண்டு, "யாரோ கையப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். அதன் பிறகு அவர் அங்கே குளிக்கவில்லை, முகம் கழுவவும் இல்லை. நாயகன் தங்கிய ஹோட்டலிலேயே தனக்கும் ஓர் அறை எடுத்துக்கொண்டார்.

ஏரிக்கு மேலே இருந்த ஒரு பாறையில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைத்தது. கோதண்டம் பாறைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சென்னைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேசுவார். கீழே சொல்ல வேண்டியவற்றை வாக்கிடாக்கியில் சொல்வார். படப்பிடிப்புக்கான உத்தரவுகளும் ஆஸ்பத்திரிச் செய்திகளும் அதே குரலில், அதே கரகரப்பில், ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. யாமினிக்கு டிரிப்ஸ் ஏறுது. யாமினிக்கு நீலப் புடவை. யாமினிக்கு இன்னும் நினைவு வரல. யாமினிக்கு ரெண்டு இட்லி அனுப்பு.

"எந்த யாமினிக்கு சார்?" என்று சமையலிலிருந்து கேட்டார்கள்.

"சாப்பிடற யாமினிக்குய்யா."

இதைக் கேட்டு முதல் நாள் சிலர் சிரித்தார்கள். பிறகு அது சாதாரணப் பேச்சாகிவிட்டது. சாப்பிடற யாமினி, சாப்பிடாத யாமினி.

நான்காம் நாள் மழைமூட்டம். படப்பிடிப்பு இல்லை. ஒழுகல் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்திருந்தது. எண்பது பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், நூற்று முப்பத்தொரு வாளி போயிற்று. ஆவி வண்டியைச் சுற்றிப் பனிமூட்டத்தோடு கலந்து நின்றது, அதற்குள் ஆட்கள் சோப்பு வாசனையோடு தோன்றி மறைந்தார்கள், யாரோ பாடினார்கள். சாயங்காலம் வாக்கி பேசியது.

"யாமினிக்கு உடம்பு சூடே ஏற மாட்டேங்குதாம். மூணு கம்பளி போத்தியும் ஐஸ் மாதிரி இருக்காளாம். நேத்திக்கு இவ்ளோ இல்லயாம், இன்னிக்குதான் ரொம்ப."

கீழே வெயில் கொளுத்துகிறது என்றும், பக்கத்துக் கட்டில்களின் ஆட்கள் விசிறியை விட்டுவிட்டு அவள் கட்டிலோரம் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்றும், ஒரு நர்ஸ் தன் தண்ணீர் பாட்டிலை அவள் கால்மாட்டில் வைத்துக் குளிரவிட்டு எடுத்துக் குடிக்கிறாள் என்றும் தினகர் சொன்னதாகக் கோதண்டம் சொன்னார். கேட்டவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே உச்சுக் கொட்டினார்கள்.

மாசிலாமணி வாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேரவன் படியில் உட்கார்ந்திருந்தார். ஈரத் தலையோடு வந்த சரளா, "ஏன்ணே படியில உக்காந்துட்டீங்க? மேடத்தோட அம்மா பாத்தா கத்துவாங்க" என்றாள்.

"சரளா, அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு."

"என்னா சொல்லிச்சு?"

"கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன், யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு."

சரளா தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள்.

"நான் ரெண்டு வாளி ஊத்திக்கிட்டேண்ணே" என்றாள். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள்.

"எனக்கே இப்பதாம்மா தெரியுது."

இருவரும் பாறைக்குப் போனார்கள். கோதண்டம் கெட்டவர் அல்ல. முழுவதையும் கேட்டார். மறுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"நீ சொல்றது இருக்கலாம் மாசிலா. ஆனா எண்பது பேர்ல நாப்பது பேருக்கு இருமல். இந்த எடத்துல நமக்கு நடந்த ஒரே நல்லது அந்த வெந்நிதான். அத அடைச்சிட்டா லைட்மேனுங்க நாளைக்கே பொட்டியக் கட்டிடுவானுங்க."

"அது அவளோடது சார்" என்றாள் சரளா.

"அவளோடதுன்னு எப்படிம்மா சொல்றது, பேர் எழுதியா வச்சிருக்கு?"

"பேரே யாருக்கும் தெரியலயே சார், எழுதி வைக்க."

கோதண்டம் ஏரியைப் பார்த்தார். "இன்னும் நாலு நாள்தான் வேலை. பிளம்பர் எவனாவது மேல வந்தா அடைச்சிக்க. நான் தடுக்கல" என்றார். யாரும் வர மாட்டார்கள் என்று நம்பித்தான் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் மாசிலாமணி கேரட் ஏற்றிப்போன வண்டியில் தொற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போய், காதர் என்ற பிளம்பரைக் கூட்டிவந்தார். காதர் ஹோட்டல்களின் கீஸர்களைப் பார்ப்பவர், குள்ளம், ஒரு காது கேளாது. கேரவன் படியில் ஏறும்போது செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக் கழற்றினார். குளியலறையில் படுத்துத் திருகைத் தடவிப் பார்த்தார்.

"டேப்பு யாரு சுத்துனது?"

"நான்தான்."

"எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கீங்கண்ணே. முறுக்குற பக்கமாத்தான் சுத்தணும். இப்பிடிச் சுத்துனா நீங்க இறுக்க இறுக்க அது அவுந்துக்கிட்டுல்ல போகும்." திருகின் கழுத்தில் நகத்தால் கீறினார். "மரை தேஞ்சுபோச்சு. திருகுலயும் போச்சு, தொட்டி வாயிலயும் போச்சு. வாயப் பெருசாக்கி, புது மரை வெட்டி, பெரிய திருகாப் போட்டாத்தான் பிடிக்கும். அதுக்குப் பழசக் கழட்டணும். கழட்டுனா உள்ள இருக்கது கொட்டும்."

"கொட்டக் கூடாது."

"கொட்டாம எப்பிடிண்ணே?"

"வாளியில பிடிச்சித் திருப்பி ஊத்திடலாம். ஒரு சொட்டு வெளிய போவக் கூடாது."

காதர் நல்ல காதை அவர் பக்கம் திருப்பினார். "யாருக்கு வச்சிருக்கீங்க?"

"ஒரு பொண்ணுக்கு."

"சரி" என்றார் காதர். வேறொன்றும் கேட்கவில்லை.

தரைத்துளையைத் துணியால் அடைத்தார்கள். காதர் பழைய திருகைக் கழற்றியதும் தண்ணீர் விரல் பருமனுக்குப் பீறிட்டு வந்தது. சரளா வாளி மாற்றி வாளி நீட்டினாள், மாசிலாமணி நிறைந்த வாளிகளைத் தூக்கி மேல்குழாயைக் கழற்றிய வாய் வழியாகத் தொட்டிக்குள்ளேயே திருப்பி ஊற்றினார், காதர் தண்ணீருக்குள் கைவிட்டபடியே மரை வெட்டினார். ஊற்றியது வந்தது, வந்ததை ஊற்றினார்கள், கால் மணி நேரம் மூவரும் ஆவிக்குள் முகம் தெரியாமல் இப்படியே செய்துகொண்டிருந்தார்கள். பிறகு காதர் கட்டைவிரல் தடிமனில் ஒரு புதுப் பித்தளைத் திருகை எடுத்து, சணல் நாரை முறுக்கும் பக்கமாகவே சுற்றி, வெள்ளைப் பசையைத் தடவி, ஏற்றி இறுக்கினார். ஒரு துளி திரண்டது. மூவரும் பார்த்தார்கள். அது விழவில்லை.

அன்று சாயங்காலம் வாக்கி, யாமினிக்குக் கால் விரல் அசைந்ததாகச் சொன்னது.

மறுநாள் தொட்டியைத் தட்டினால் பாதி வரை தொப்பென்று சத்தம் வந்தது. அதற்கும் மறுநாள் முக்கால். யாமினிக்கு உள்ளங்கை வெதுவெதுப்பாக இருக்கிறதாம், ஒரு கம்பளியை எடுத்துவிட்டார்களாம், பக்கத்துக் கட்டில்காரர்கள் விசிறிக்குக் கீழே திரும்பிப் போய்விட்டார்களாம். மாசிலாமணி காலையிலும் மாலையிலும் சின்னக் கதவைத் திறந்து, திருகைத் தொட்டுப் பார்த்து, தொட்டியை முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். வெளியே அவரிடம் யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. லைட்மேன்கள் காலி வாளிகளை வண்டிக்கு அடியிலேயே கவிழ்த்து வைத்திருந்தார்கள். "ஹீரோயின் வெந்நிக்குக் காவலாளி வர்றாரு, வழி விடுங்கடா" என்றார்கள். ஒருவன் அவர் டீயில் வேண்டுமென்றே பச்சைத் தண்ணீரை ஊற்றினான். கேரட் கழுவும் பெண்கள் ஒரு நாள் வந்து, காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

கடைசி நாள் யாமினி சாகும் காட்சி. ஏரிக்கரையில், நாயகனின் மடியில், காலை ஒளியிலேயே எடுத்துவிட வேண்டும் என்று விடிந்ததும் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். மாசிலாமணி போகவில்லை. தொட்டி வாய்வரை நிறைந்திருந்தது. அதன் மேல் கன்னத்தை வைத்தால், காய்ச்சல்காரரின் முதுகைப் போல இதமாக இருந்தது. குளியலறைக் கொக்கியில் வாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணி இருக்கும். கோதண்டத்தின் குரல் வந்தது.

"யாமினி செத்தாச்சு. யாமினி முடிஞ்சுது."

மாசிலாமணி கை நீட்டி வாக்கியை அணைத்தார். அணைக்காமல் இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால், பூசணிக்காயையும் கற்பூரத்தையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் கரைக்கு வரும்படி அடுத்த வார்த்தை வந்திருக்கும்.

அவர் தரையில் உட்கார்ந்தார். அவர் பிறந்த தெருவில், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரை எல்லாம் குடத்தோடு கொண்டுபோய் வெளியே கொட்டிவிடுவார்கள். செத்தவருக்கென்று எதையும் மூடி வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால் அவர் அதைத் தேடிக்கொண்டு வீட்டைச் சுற்றுவார், போக வேண்டிய இடத்துக்குப் போக மாட்டார். கேட்க அவளுடைய ஆட்கள் யாரும் இல்லை, செய்ய வேறு யாரும் இல்லை. மாசிலாமணி தரைத்துளையிலிருந்து துணியை எடுத்தார். ஸ்பேனரை எடுத்தார். காதர் நன்றாக இறுக்கியிருந்தார். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. திருகு கழன்று விழுந்து உருண்டு துளைக்குள் போயிற்று. தண்ணீர் பாய்ந்து வந்தது. "போயிட்டு வா பாப்பா" என்றார். அவளைக் கூப்பிட வேறு பெயர் அவரிடம் இல்லை.

பூசணிக்காயை உடைத்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், வண்டிக்கு அடியிலிருந்து ஆவி பறக்க ஓர் ஓடை சரிவில் இறங்குவதைக் கண்டு ஓடி வந்தார்கள். கவிழ்த்து வைத்த வாளிகளை நிமிர்த்தினார்கள். வாளி கிடைக்காதவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடையில் கால் வைத்து நின்றார்கள். வேலை முடிந்த சந்தோஷமும் அதில் இருந்தது. சேறு மிதிபட்டது. "காவலாளிக்கு மனசு எறங்கிடுச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

சரளா ஓடி வந்து, முதல்முறையாக யாரையும் கேட்காமல் கேரவனுக்குள் ஏறினாள்.

"அண்ணே, எதுக்குத் தொறந்தீங்க?"

"போயிடுச்சும்மா. வாக்கில சொன்னாங்க."

"யாரு போயிட்டா?"

"யாமினி."

சரளா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அது மேடம்ணே. சீன்ல செத்தாங்க. நான்தான் இப்ப முடிய அவுத்துவிட்டுட்டு வர்றேன்."

மாசிலாமணி தரையைத் துழாவித் திருகைத் தேடினார். திருகு துளை வழியாக எப்போதோ கீழே போய், எண்பது பேரின் காலுக்கு அடியில் சேற்றில் எங்கோ இருந்தது. தண்ணீர் மெலிந்துகொண்டிருந்தது. அவர் தரையில் குப்புற விழுந்து, வலது கட்டைவிரலைத் தொட்டியின் வாய்க்குள் விட்டு அடைத்தார்.

"என்னப்பா, நின்னுபோச்சு?" என்று வெளியே கேட்டார்கள்.

சரளா ஸ்பேனரின் முனையால் தொட்டியைத் தட்டிக்கொண்டே வந்தாள். மேலிருந்து அடிவரை காலிச் சத்தம்தான் கேட்டது. அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் சத்தம் மாறியது.

வெளியே சேற்றைக் கிளறினார்கள். ஆளுக்கொரு குச்சியோடு, தலை குனிந்து, எண்பது பேரும் கிளறினார்கள். திருகு கிடைக்கவில்லை. துணியைச் சுருட்டி அடைக்கலாம் என்றார்கள், ஒரு கேரட்டைச் சீவித் தரட்டுமா என்று சரிவிலிருந்து வந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள். "விரல எடுத்து அத வைக்கிற நேரத்துல போயிடும்மா. இருக்கறதே அவ்ளோதான்" என்றார் மாசிலாமணி.

கோதண்டம் பாறையிலிருந்து இறங்கி வந்தார். படியில் ஏறாமல் கீழேயே நின்று, உள்ளே பார்த்துப் பேசினார்.

"காலைல ஏழு மணிக்குக் கண்ணு முழிச்சிருக்கா. தண்ணி கேட்டிருக்கா, குடிச்சிருக்கா. அதச் சொல்லலாம்னுதான் இருந்தேன், ஷாட் முடியட்டும்னு..." மப்ளரை இழுத்து வாயைத் துடைத்தார். "இப்ப தினகர் கூப்பிட்டான். திடீர்னு மறுபடியும் உடம்புச் சூடு இறங்குதாம். டாக்டருங்க ஓடிட்டிருக்காங்களாம்."

அப்போதுதான் குளித்த சிலருக்குத் தலையிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. அவர்கள் அதைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"ஜெனரேட்டர் டிரைவர வண்டி எடுக்கச் சொல்றேன். நீ விரல எடுக்காத. நேரா அங்க போயிடுங்க" என்றார் கோதண்டம்.

கேரவன் மலையிலிருந்து இறங்கியது. வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் உள்ளே இருந்த கொஞ்சத் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி விரலை விட்டுவிட்டு, மறுபடி வந்து தொட்டது. வந்து தொடும்போது சூடாக இருந்தது. மாசிலாமணி தரையில் படுத்தபடி ஒவ்வொரு முறையும், "இருக்கு" என்றார். சரளா தொட்டியைச் சுற்றி நாயகியின் கம்பளியைக் கட்டி, அதன்மேல் தன் ஸ்வெட்டரைக் கட்டி, அதன்மேல் சாய்ந்து தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னான்னு சொல்லியிருப்பா, பேர?" என்றாள் ஒரு தடவை. "மூணு எழுத்து மாதிரிதான் கேட்டுச்சு. சாயங்காலம் கொண்டையூசி புடுங்கறப்ப கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

"கேட்டுக்கலாம்" என்றார் அவர்.

மலை முடிந்து வெயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி சுட்டது. கம்பளிக்குள் வியர்வை வழிந்தது. விரல் மரத்துப் போயிருந்தது. வண்டி சமதரையில் ஓடியதால் தண்ணீர் விலகுவதும் தொடுவதும் நின்று, விரலும் தண்ணீரும் ஒன்றாகவே கிடந்தன. எது தண்ணீரின் சூடு, எது தன் விரலின் சூடு என்று மாசிலாமணியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர், "இருக்கு" என்று சொல்வதை நிறுத்தினார். சரளா கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலின் வளைவு உயரம் போதாது என்று காவலர் கேரவனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டார். மணி இரண்டு. ஜெனரேட்டர் டிரைவர் இன்ஜினை அணைத்தார். சரளா ஒரு மக்கைக் கொண்டுவந்து விரலுக்கு அடியில் பிடித்தாள்.

"எடுங்கண்ணே."

"இரும்மா."

"எடுங்கண்ணே. நேரம் போகுது."

அவர் எடுத்தார். தண்ணீர் வந்தது. அரை மக்குக்கும் குறைவாக வந்து, நின்றது. ஆவி இருக்கிறதா என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. சரளா, குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவளைப் போலப் புறங்கையின் நரம்புள்ள இடத்தை அதில் நனைத்துப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றாள்.

சரளா மக்கை முந்தானையால் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். சிந்தக் கூடாது என்பதால் ஓடாமல், ஆனால் வேகமாக, தெருவைக் கடந்து, வாசலில் நின்ற கூட்டத்துக்குள் போய் மறைந்தாள். மாசிலாமணி குளியலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வலது கட்டைவிரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடி, அந்தக் கையை இடது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.